குழந்தைகளுக்கான தடை ஓட்ட வகுப்பு: எங்கே சிக்குகிறது, எப்படிச் சரிசெய்வது

இந்த வழிமுறை எந்த மாதிரி வகுப்புக்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். 6 முதல் 11 வயது வரை 16 பிள்ளைகள், இரண்டு பெரியவர்கள், 45 நிமிடம். இடம் பள்ளி மைதானம் அல்லது அபார்ட்மெண்டின் காலி இடம். தடத்தில் ஆறு தடைகள்: நடக்க மரச்சட்டம், டயர் வரிசை, தாண்டும் கம்புகள், ஊர்ந்து போகக் கயிறு, ஏறிக் குதிக்கப் பெட்டி, கடைசியில் சாக்கு ஓட்டம். வாடகைக்கு எடுக்கும் காற்றடைத்த பொம்மைக் கோட்டைகளும் உயரச் சுவர் ஏற்றமும் இதில் வராது. அவற்றுக்கு விதிகளே வேறு.

கோளாறு எதுவானாலும் முதலில் தடத்தைப் பாருங்கள், பிறகு பிள்ளையைப் பாருங்கள். பிள்ளை எங்கே காத்திருக்கிறது, தடை மேல் போகும்போது கண் எங்கே இருக்கிறது, கால் எங்கே வந்து இறங்குகிறது என்று கவனித்தால் கீழே வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

வரிசையில் தள்ளுமுள்ளு, சண்டை, யாரும் சொல்வதைக் கேட்பதில்லை

இதை ஒழுக்கப் பிரச்சினை என்று நினைத்துக் கத்துவதுதான் வழக்கம். உண்மையில் இது கணக்குப் பிரச்சினை. ஆறு தடைகளில் மிக மெதுவானது எதுவோ அதுதான் மொத்தத் தடத்தின் வேகம். மரச்சட்டத்தைக் கடக்க ஒரு பிள்ளைக்கு 20 விநாடி ஆனால், நிமிடத்துக்கு மூன்று பேர்தான் கடக்க முடியும். 16 பேரும் ஒரு சுற்று முடிக்க 5 நிமிடம் 20 விநாடி. அதில் ஒருவர் ஓடுவது ஒரு நிமிடம், நிற்பது நான்கு நிமிடத்துக்கு மேல். ஏழு வயதுப் பிள்ளை நான்கு நிமிடம் சும்மா நின்றால் முன்னால் நிற்பவனின் டீ-ஷர்ட்டை இழுக்கத்தான் செய்யும்.

செய்ய வேண்டியது: ஸ்டாப் வாட்சை எடுத்து ஒவ்வொரு தடையிலும் மூன்று பிள்ளைகளின் நேரத்தைக் குறியுங்கள். மெதுவான தடையை இரண்டாக்குங்கள். இரண்டு சட்டம் பக்கத்தில் பக்கத்தில், நடுவில் ஒன்றரை மீட்டர் இடைவெளி. ஒரு சுற்று 2 நிமிடம் 40 விநாடிக்கு இறங்கிவிடும், 25 நிமிடத்தில் ஒவ்வொருவருக்கும் ஒன்பது முறை கிடைக்கும். இன்னொரு சட்டம் இல்லையென்றால் தடத்தையே நான்கு நிலையங்களாக உடைத்து நான்கு நான்கு பேராகப் பிரியுங்கள். நான்கு நிமிடம் வேலை, ஒரு நிமிடம் இடமாற்றம். ஒரே இடத்தில் எல்லோரையும் கிளப்புவதை விட்டுவிட்டு, தடத்தின் வெவ்வேறு புள்ளிகளில் கிளப்பினாலும் வரிசை கரைந்துவிடும்.

இதையெல்லாம் செய்த பிறகும் சத்தம் ஓயவில்லை என்றால் விளக்கம் நீளமாக இருக்கிறதென்று பொருள். ஒரு தடைக்கு ஒரு வாக்கியம் போதும். வாய் பேசாமல் 20 விநாடியில் ஒருமுறை செய்து காட்டுங்கள், அல்லது ஒரு பிள்ளையை விட்டுச் செய்யச் சொல்லுங்கள். விசில் ஒருமுறை அடித்தால் இருந்த இடத்தில் சிலையாக நிற்க வேண்டும், இருமுறை அடித்தால் தண்ணீர். இந்த ஒரு-விசிலை தடத்தில் கால் வைக்கும் முன்பே, ஓடிப்பிடித்து விளையாட்டில் நாலைந்து முறை பழக்கிவிடுங்கள். ஏதாவது நடந்த பிறகு முதன்முறையாக விசில் அடித்தால் எவனும் நிற்க மாட்டான்.

மரச்சட்டத்தில் பாதி வழியில் உறைந்து நிற்கிறது

கை இரண்டும் விரிந்து, முட்டி விறைத்து, கண் கால் விரலில் இருக்கும். கண் கீழே போனதும் தலை போகும், தலை போனதும் இடுப்பு வளையும், சமநிலை போய்விடும். "கீழே பார்க்காதே" என்று சொல்வதால் பயனில்லை. வேறெங்கே பார்ப்பது என்று சொல்ல வேண்டும். சட்டம் முடியும் இடத்துக்கு ஒரு மீட்டர் தள்ளி, பிள்ளையின் கண் உயரத்தில் ஒருவர் நின்று விரல்களைக் காட்டி எத்தனை என்று கேளுங்கள். விரல் எண்ணும் பிள்ளை நடந்துகொண்டே இருக்கும்.

அப்படியும் நிற்கிறதென்றால் சட்டத்தைச் சோதியுங்கள். மரக்கடையில் கிடைக்கும் 4க்கு 2 இன்ச் சட்டத்தை அகலப் பக்கம் மேலே வைத்துப் போட்டால் நடக்க 10 செ.மீ. அகலமும் தரையிலிருந்து 5 செ.மீ. உயரமும் கிடைக்கும். ஆறு, ஏழு வயதுக்கு அது போதும். ஒன்பது வயதுக்கு மேல் 15 செ.மீ. வரை உயர்த்தலாம். எட்டடி நீளச் சட்டத்தை இரண்டு முனையில் மட்டும் தாங்கி வைத்தால் நடுவில் தொய்ந்து துள்ளும். பிள்ளை பயப்படுவது அந்தத் துள்ளலுக்குத்தான். நடுவிலும் ஒரு குறுக்குக் கட்டை கொடுங்கள். முனைக் கட்டைகள் 30 செ.மீ. நீளம் இருந்தால் உருளாது. பிள்ளைகள் வரும் முன் பெரியவர் ஒருவர் அதன் மேல் முழுக்க நடந்து பார்க்க வேண்டும். விளிம்புகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு, வெறும் கையால் தடவி சிராய் இல்லையென்று உறுதி செய்யுங்கள்.

பக்கவாட்டில் நகர்ந்து கடப்பதும் கடப்பதுதான். முடியாத பிள்ளைக்குத் தரையில் நேராகப் போட்ட ஒரு கயிறு பக்கத்திலேயே இருக்கட்டும். எதில் போவதென்று அதுவே முடிவு செய்யட்டும். தாங்கும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முன்கையைக் கைப்பிடிச் சுவர் போல நீட்டி வையுங்கள், வேண்டுமானால் அது பிடித்துக்கொள்ளும். குறிப்பாக ஐந்து வயதுக்கு உட்பட்ட தம்பி தங்கைகள் நடுவில் புகுந்தால், ஒற்றைக் கையைப் பிடித்துத் தூக்கவே கூடாது. முழங்கை மூட்டு எளிதில் நழுவும் வயது அது.

இங்கே இன்னொரு இடைஞ்சலும் உண்டு. ஓரத்தில் நிற்கும் அம்மா "டேய், கீழ பாத்து நடடா!" என்பார். பயிற்சியாளர் மேலே பார்க்கச் சொல்கிறார், பெற்றவர் கீழே பார்க்கச் சொல்கிறார், நடுவில் பிள்ளை. பெற்றோரைத் தடத்திலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி உட்கார வையுங்கள். சும்மா உட்கார முடியாதவர்களுக்குத் தண்ணீர் கேன் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்.

தாண்டும் கம்பில் தடுக்கி முகம் குப்புற விழுகிறார்கள்

கம்பு விழாததுதான் காரணம். இடித்தால் கம்புதான் விழ வேண்டும், பிள்ளை விழக் கூடாது. பிவிசி பைப்பில் செய்யும்போது குறுக்குக் கம்பைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். அங்கேதான் தவறு நடக்கிறது. இரண்டு கோன் மேல் லேசான குச்சியைக் கட்டாமல் வைத்தாலே போதும். அதைவிட நல்லது, ஏசி குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நுரைக் குழாய். ஏசி உதிரிபாகக் கடையில் ஆறடி நீளமாகக் கிடைக்கும். பட்டால் வலிக்காது.

கடையில் வாங்கிய ஹர்டில் என்றால் அது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறதென்று பாருங்கள். அடிக்கால்கள் ஓடி வரும் பிள்ளையை நோக்கி நீண்டிருக்க வேண்டும். அப்போதுதான் இடித்ததும் முன்பக்கமாகச் சாயும். திருப்பி வைத்தால் சுவர் மாதிரி நிற்கும். உதவிக்கு வருபவர்கள் அடுக்கும்போது மாறிப்போகும் விஷயம் இது.

உயரம் 15 செ.மீ.யில் தொடங்கி 30 செ.மீ.யில் நிறுத்துங்கள். வயதைவிட முழங்காலைப் பாருங்கள்; முழங்காலுக்குக் கீழேயே கம்பு இருக்கட்டும்.

வளையத்திலும் தட்டுக் கோனிலும் கால் வழுக்குகிறது

வழவழப்பான தரையில் ஹூலா வளையத்தைப் படிக்கல்லாக வைப்பது எல்லா வகுப்பிலும் நடக்கிறது. விளிம்பில் கால் பட்டதும் வளையம் நகரும், பிள்ளை மல்லாக்க விழும். தட்டையான கோன்களும் அப்படித்தான். அவை எல்லை காட்ட மட்டும், மிதிக்க அல்ல. சாக்பீஸால் வட்டம் போடுங்கள். இன்னும் சொன்னால் பாண்டிக் கட்டமே போட்டுவிடலாம், ஒற்றைக்காலில் தாண்டும் நிலையம் செலவில்லாமல் தயார். டைல்ஸ், கிரானைட் தரை என்றால் சாக்ஸோடு யாரும் ஓடக் கூடாது. வெறுங்கால் அல்லது ஷூ. சிமெண்ட் தளத்தில் வழுக்குவது பெரும்பாலும் நுண்மணல்தான், வகுப்புக்கு முன் பெருக்கினால் போகும்.

டயர்: கால் மாட்டுகிறது, கீறுகிறது

டயர்கள் தனித்தனியாகக் கிடந்தால் விலகிக்கொண்டே இருக்கும். இரண்டிரண்டாகச் சேர்த்து நைலான் கயிற்றால் இறுக்குங்கள், முடிச்சு அடிப்பக்கம் போகட்டும். தேய்ந்த டயரில் உள்ளேயிருந்து எஃகுக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஒரு பழைய துணியால் சுற்றிலும் துடைத்தால் துணி மாட்டும். மாட்டினால் அந்த டயரைக் கழித்துவிடுங்கள்.

வெளியில் போட்டு வைக்கும் டயரில் மழைத்தண்ணீர் தேங்கி டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஒவ்வொரு டயரின் அடியிலும் நாலைந்து துளை போடுங்கள், முடிந்தால் கூரைக்குக் கீழே அடுக்குங்கள். எடுத்துப் போடும்போது கையை உள்ளே விடாமல் குச்சியால் தட்டிவிட்டுத் தூக்குங்கள். தேளும் பூரானும் விரும்பிக் குடியிருக்கும் இடம் அது. வெயிலில் கிடந்த டயர் மீது புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியவில்லையென்றால் அன்றைக்கு டயர் வேண்டாம்.

ஊர்ந்து போகும் இடத்தில் முகத்தில் உதை

பின்னால் வரும் பிள்ளை முன்னால் போகும் காலை நெருங்கிவிடுகிறது. துணிக் குகை வைத்திருந்தால் உள்ளே நடப்பதும் உங்களுக்குத் தெரியாது, வெயிலில் உள்ளே வேகும். குகையைக் கைவிட்டு, 50 செ.மீ. உயரத்தில் குறுக்கே நாலு கயிறு கட்டுங்கள். எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கும். முன்னால் போனவரின் பாதம் கடைசிக் கயிற்றைத் தாண்டிய பிறகே அடுத்தவர் உள்ளே. கயிற்றில் இரண்டு மூன்று சலங்கை கட்டிவிட்டு "மணி அடிக்காமல் வா" என்றால் முண்டியடிப்பது தானாகவே நின்றுவிடும். கீழே கோரைப்பாய் போட்டால் முட்டி சிராய்க்காது.

தொங்கும் பொருள்கள் மாட்டுவதும் இங்கேதான். ஐடி கார்டுக் கயிறு, கழுத்துச் செயின், துப்பட்டா, வளைய வடிவக் கம்மல், தொங்கும் கொலுசு, மோதிரம் எல்லாம் தடத்துக்கு முன் ஒரு டப்பாவில், பெயர் எழுதிய கவரில் போக வேண்டும். ஏணியோ சட்டகமோ வைத்திருந்தால் கம்பிகளுக்கு இடையே உள்ள சந்தை அளந்துகொள்ளுங்கள். 9 செ.மீ.க்கும் 23 செ.மீ.க்கும் இடைப்பட்ட சந்தில் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

பெட்டியிலிருந்து குதித்ததும் "தொம்" என்று சத்தம், பிறகு கால் வலி

முட்டியை மடக்காமல் இறங்குகிறார்கள். இதைக் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கண்டுபிடிப்பது சுலபம். "முட்டியை மடக்கு" என்ற விளக்கம் சின்னப் பிள்ளைக்கு ஏறாது. "சத்தம் வராமல் குதி" என்றால் உடம்பு தானாகவே மடங்கும். இறங்கும்போது இரண்டு முட்டியும் உள்பக்கம் ஒன்றையொன்று நோக்கிச் சாய்கிறதா என்று முன்னால் நின்று பாருங்கள். சாய்ந்தால் உயரத்தைக் குறையுங்கள். 20 செ.மீ.யில் தொடங்கலாம், பிள்ளையின் முழங்கால் உயரம்தான் மேல் எல்லை.

புதிர்த் துண்டு மாதிரி கோத்துப் போடும் 10, 12 மி.மீ. நுரை ஓடுகள் சிராய்ப்பைத்தான் தடுக்கும், விழுந்தால் தாங்காது. ஜிம்னாஸ்டிக் மடிப்பு மேட் வேண்டும். இரண்டு மேட்டின் இணைப்பு குதிக்கும் இடத்தில் வரக் கூடாது. அந்தச் சந்தில் கால் இறங்கினால் கணுக்கால் பிசகும். இறங்கும் இடத்தைச் சுற்றி இரண்டு மீட்டருக்குத் தூண், சுவர், பெஞ்ச், தண்ணீர் கேன் எதுவும் இருக்கக் கூடாது. பிள்ளைகள் அந்த கேனை எப்போதும் மேட்டின் ஓரத்தில்தான் கொண்டுவந்து வைப்பார்கள்.

விழும்போது பின்னால் கை ஊன்றுவதால் மணிக்கட்டு முறியும். வார்ம்-அப்பில் மூன்று நிமிடம் விழப் பழக்குங்கள்: குந்தி உட்கார், தாடையை நெஞ்சில் ஒட்டு, கையை நெஞ்சோடு சேர், பக்கவாட்டில் உருள். பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். தொங்கும் கம்பிகள் வைப்பதாக இருந்தால் இதைக் கற்றுக்கொடுக்காமல் வைக்கவே வேண்டாம். வைத்தாலும் கால் தரையிலிருந்து 30 செ.மீ.க்கு மேல் உயராமல், பிடிக்கும் குழாய் 25 முதல் 32 மி.மீ. தடிமனில் இருக்கட்டும். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் உள்ளங்கை எப்போதும் ஈரம்தான். பக்கத்திலேயே துண்டு தொங்கட்டும்.

ரிலேயில் மோதிக்கொள்கிறார்கள், சுவரில் போய் இடிக்கிறார்கள்

போவதும் வருவதும் ஒரே பாதையாக இருந்தால் மோதல் உறுதி. போக ஒரு பாதை, திரும்ப வெளிப்பக்கம் ஒரு பாதை. "சுவரைத் தொட்டுவிட்டு வா" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். முடிவுக் கோடு சுவருக்கு ஐந்து மீட்டர் முன்பே இருக்கட்டும். சாக்கு ஓட்டத்தைக் கடைசியில் வைப்பதும் இதற்காகத்தான். சாக்குக்குள் இருக்கும் பிள்ளையால் வேகமாக வந்து இடிக்க முடியாது.

பெரிய பிள்ளைகள் தடையைத் தவிர்க்கிறார்கள், சின்னவர்கள் அழுகிறார்கள்

இரண்டுக்கும் வேர் ஒன்றே: வேகத்துக்குப் பரிசு. முதலில் வந்தவருக்குக் கைதட்டு என்றால் சட்டத்தில் இரண்டடி வைத்துவிட்டுக் குதித்து ஓடுவதுதான் புத்திசாலித்தனம். கடைசியில் வரும் பிள்ளை தினமும் ஒரே பிள்ளையாக இருக்கும், மூன்றாவது வாரம் வயிற்றுவலி என்று வராது. தோற்றவரை வெளியே உட்கார வைக்கும் விளையாட்டுகளும் வேண்டாம். அதிகப் பயிற்சி தேவைப்படும் பிள்ளைதான் அதில் அதிக நேரம் உட்கார்ந்திருக்கும்.

துணி காயப் போடும் கிளிப் ஐம்பது வாங்குங்கள். ஒரு சுற்றை ஒழுங்காக முடித்தால் சட்டை ஓரத்தில் ஒரு கிளிப். மூன்று நிமிடத்தில் எத்தனை கிளிப் என்பது மட்டும் கணக்கு, போன வாரத்து எண்ணோடு ஒப்பிடுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே விசிலில் முடிப்பதால் கடைசியில் வந்தவர் என்று யாரும் இருக்க மாட்டார்கள். மணி அடிக்காமல் ஊர்ந்தால் கூடுதலாக ஒன்று.

தலைவலி, குமட்டல், சோர்ந்து உட்காருதல்

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: கடைசியாக எப்போது சாப்பிட்டாய்? பள்ளி விட்டு நேராக மாலை வகுப்புக்கு வரும் பிள்ளை மதியத்துக்குப் பிறகு எதுவும் சாப்பிட்டிருக்காது. முக்கால் மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழம் போதும். வயிறு நிறையச் சாப்பிட்டால் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் குதிக்கலாம்.

சாப்பாடு சரியாக இருந்தால் வெயில். தமிழ்நாட்டில் கோடை வகுப்பு காலை எட்டு மணிக்குள் முடிய வேண்டும், அல்லது மாலை ஐந்துக்கு மேல் தொடங்க வேண்டும். தாகம் எடுத்தால் குடிக்கட்டும் என்று விடாதீர்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு விசில், எல்லோரும் அரை டம்ளர். தலைவலியோடு வெளிறிப் போனால் நிழல், படுக்கை, காலை உயர்த்தி வைத்து சிறிது சிறிதாகத் தண்ணீர். பிள்ளை குழம்பிப் பேசினாலோ, தள்ளாடினாலோ, உடம்பு கொதித்தாலோ அது வெப்பத் தாக்கு. உடனே உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

ஓடி முடித்ததும் தொடர் இருமல் வந்தால் வீசிங் இருக்கிறதா என்று பெற்றோரிடம் கேளுங்கள். இன்ஹேலர் மூன்றாவது மாடி வீட்டில் இருந்து பயனில்லை, பயிற்சியாளர் பையில் இருக்க வேண்டும்.

விழுந்து தலையில் அடி, ஆனால் "ஒன்னும் இல்ல" என்று எழுந்துவிட்டது

அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு வகுப்பு முடிந்தது. எவ்வளவு கெஞ்சினாலும் தடத்துக்குத் திரும்ப விடாதீர்கள். வாந்தி, அதிகத் தூக்கம், குழப்பம், அதிகமாகும் தலைவலி, காதிலோ மூக்கிலோ ரத்தம் அல்லது நீர் என எது வந்தாலும் மருத்துவமனை. இதை அழைத்துப் போக வரும் பாட்டியிடம் சொன்னால் மட்டும் போதாது, அம்மா அப்பாவுக்குப் போனிலும் சொல்லுங்கள், ஒரு தாளிலும் எழுதிக் கொடுங்கள். மணிக்கட்டு வீங்கினால் இழுத்துப் பார்க்காமல், வார இதழ் ஒன்றைச் சுற்றிக் கட்டி அனுப்புங்கள். நிலைத்த பல் விழுந்தால் வேரைத் தொடாமல் எடுத்துப் பாலில் போட்டு, அரை மணிக்குள் பல் மருத்துவரிடம். பால்பல்லைத் திரும்பப் பொருத்த முயல வேண்டாம்.

இரண்டு பெரியவர்கள் இருந்தும் கண்காணிப்பு போதவில்லை

இருவரும் ஒரே பிள்ளையைக் கவனித்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் குதிக்கும் பெட்டியை விட்டு நகரக் கூடாது, இன்னொருவர் மீதித் தடம் முழுக்கச் சுற்ற வேண்டும். பெட்டிக்காரர் நகர வேண்டியிருந்தால் பெட்டியைக் கவிழ்த்துவிட்டு நகரட்டும், அதோடு அந்தத் தடை மூடப்பட்டது. பிள்ளையைத் தாங்குவதற்கு முன் "இடுப்பைப் பிடிக்கப் போறேன், சரியா?" என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். பெரியவர் ஒருவர் பிள்ளை ஒன்றோடு தனியாக அறைக்குள் போகும் நிலை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், கழிப்பறைக்குப் போவதானாலும் துணைக்கு இன்னொரு பிள்ளை போகட்டும். வகுப்பு முடிந்ததும் தலை எண்ணி, பதிவேட்டில் பெயர் உள்ளவரிடம் மட்டுமே ஒப்படையுங்கள்.

மூன்றாவது வாரம் "இதேதானா?" என்கிறார்கள்

தடத்தை முழுக்க மாற்றினால் பழகிய திறமை வீணாகும், உங்களுக்கும் ஒரு மணி நேர வேலை. நாலு தடையை அப்படியே விட்டு இரண்டை மட்டும் மாற்றுங்கள். அதே சட்டத்தில் எலுமிச்சை வைத்த கரண்டியோடு நடக்கச் சொன்னால் புதுத் தடை. அதே தடத்தைத் தலைகீழாக ஓடலாம், ஆனால் அப்போது ஹர்டில்களையும் திருப்பி வைக்க வேண்டும். வார்ம்-அப்புக்குக் கல்லா மண்ணா வையுங்கள்: மேட் எல்லாம் கல், தரையெல்லாம் மண். அதே ஓட்டம், அதே தாவல். பயிற்சி என்று யாருக்கும் தோன்றாது.

மாதத்தில் ஒரு நாள் தடத்தைப் பிள்ளைகளே அடுக்கட்டும். பெட்டியை மேட் இல்லாத இடத்தில் வைப்பார்கள், சட்டத்தைச் சுவரோரம் இழுப்பார்கள். திருத்தாதீர்கள்; "இங்க குதிச்சா எங்க விழுவ?" என்று மட்டும் கேளுங்கள். அவர்களே நகர்த்துவார்கள். நகர்த்தி முடித்ததும் முதலில் நீங்கள் ஒருமுறை நடந்து பாருங்கள், பிறகு அவர்கள் ஓடட்டும்.